டாக்டர் புர்னேயோவின் முதல் பக்கம்

பியானோ அறையிலிருந்து இருமல் கேட்டது. ஒன்று, இரண்டு, மூன்று. பிறகு சத்தமே இல்லை.

தட்டச்சுப் பொறியின் மேல் என் விரல்கள் அப்படியே நின்றன. எதிரே கையில் பத்திரிகையோடு நின்றிருந்த தூதர் கதவுப் பக்கம் திரும்பினார். அந்த மனிதன் இருமிக்கொண்டே இருந்தால் எங்களுக்கு வேலை ஓடும். பாதியில் நின்றுவிட்டால் எல்லோருக்கும் கை ஓடாது.

"உசுரோடதான் இருக்கான். இப்பதான் எட்டிப் பாத்தேன்," என்று சமையலறையிலிருந்து சொய்லா அக்காவின் குரல் வந்தது. "நீ கொஞ்சம் உக்காருடா. தரை தேஞ்சு போச்சு."

தூதர் உட்காரவில்லை. டாக்டர் அப்தோன் புர்னேயோ உட்கார்ந்து நான் பார்த்தது குறைவு. லா பாஸ் நகரத்தின் உயரத்தில் வெளியூர்க்காரர்கள் பத்தடி நடந்தாலே மூச்சு வாங்கிச் சுவரைப் பிடிப்பார்கள். அவரும் வாங்குவார். ஆனால் சுவரைப் பிடிக்காமல் மறுபடி நடப்பார். அறுபத்தொரு வயது. ஈக்வடார் நாட்டின் தூதர் என்று வாசலில் பலகை இருந்தது. உள்ளே தூதர், அவருடைய அக்கா, தட்டச்சுக்காரியான நான், மூவர்தான். நாற்பது நாளாக நான்காவதாக ஒரு ஆள் பியானோ அறையில் படுத்திருந்தான்.

"ஹஸிந்தா," என்றார் தூதர், பத்திரிகையை என் முன் வைத்து. "இது நாம அடிச்ச பக்கம்தானே?"

பார்த்தேன். நாங்கள் அடித்த பக்கம்தான். மேலே ஈக்வடார் முத்திரை. கீழே என் நேர்த்தியான ஓரங்கள். பத்திரிகை அதைப் படமெடுத்து முதல் பக்கத்திலேயே போட்டிருந்தது. தலைப்பு இப்படி இருந்தது: தூதரே சொல்கிறார், இவன் திருடன்தான்.

படத்தில் இருந்த வரிகள் எனக்கு மனப்பாடம். "செவெரோ வில்கா ஒரு திருடர் என்றே தோன்றுகிறது. முதலாவதாக, அந்த ஒலிபரப்புக் கருவி அவருடையதல்ல. அதை எடுத்துச் சென்றதை அவரே ஒப்புக்கொள்கிறார். இரண்டாவதாக, பிறர் பொருளை மறைவாக எடுத்துச் செல்வதை எல்லா நாட்டுச் சட்டங்களும் திருட்டு என்றே சொல்கின்றன. மூன்றாவதாக, குற்றமற்ற மனிதர் ஓடி ஒளிவதில்லை." அதோடு முதல் பக்கம் முடிந்தது.

இரண்டாம் பக்கத்திலிருந்து எட்டாம் பக்கம் வரை இந்த மூன்றையும் ஒவ்வொன்றாக உடைத்திருந்தார் டாக்டர். அந்த ஏழு பக்கங்களைப் பத்திரிகை போடவில்லை. நாங்கள் கடிதம் அனுப்பிய உள்ளூர் வெளியுறவு அமைச்சகம் அதற்குக் கொடுத்தது ஒரு பக்கம்தான்.

வில்கா யார் என்பதைச் சொல்லிவிடுகிறேன். பதினாறு வருடம் சுரங்கத்தில் வெள்ளீயம் வெட்டியவன். நுரையீரலில் கல்தூசி படிந்து கீழே இறங்க முடியாமல் போனபோது, தொழிலாளர் சங்கம் அவனைத் தன் வானொலியில் அறிவிப்பாளனாக உட்காரவைத்தது. எட்டு வருடம் அவன் குரலைக் கேட்டுத்தான் அந்த மலை ஊர்கள் விழித்தன. அப்புறம் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. வானொலி நிலையங்களை அடைக்க வண்டிகள் கிளம்பிய காலையில், சங்கச் செயலர் சொன்னபடி வில்கா ஒலிபரப்புக் கருவியைக் கழற்றிக் கோணிப்பையில் கட்டி எங்கோ புதைத்துவிட்டு, உருளைக்கிழங்கு லாரியில் ஏறி எங்கள் வாசலுக்கு வந்தான். அரசு அவன்மேல் போட்ட வழக்கு, கருவியைத் திருடினான் என்பது.

இந்தக் கண்டத்து நாடுகளுக்குள் ஒரு ஒப்பந்தம் உண்டு. அரசியலுக்காக விரட்டப்படுகிறவனைத் தூதரகம் வைத்துக்கொள்ளலாம். அவன் அரசியல் ஆளா, வெறும் திருடனா என்று தூதர் எழுத வேண்டும். அதை ஏற்று உள்ளூர் அமைச்சகம் வழிவிடு கடிதம் தந்தால், அவன் பத்திரமாக விமானம் ஏறலாம். டாக்டர் எழுதிய அந்த எட்டுப் பக்கத்தில்தான் வில்காவின் உயிர் இருந்தது.

"நீ யார் பக்கம்டா?" சொய்லா அக்கா கரண்டியோடு வந்து பத்திரிகையைப் பார்த்தார். "அவங்க கேசை அவங்களே எழுதிக்கட்டும்னு விட மாட்டியா? அவங்களைவிட நல்லா எழுதிக் கொடுத்திருக்கியே."

"அதுதான் முறை, அக்கா. எதிர்க்கட்சி என்ன சொல்லும்னு முதல்ல முழுசா சொல்லிட்டு அப்புறம்தான் பதில் சொல்லணும்."

"எந்த ஊர் முறை?"

"எங்க ஊர்," என்றார் டாக்டர். இறையியலைச் சொன்னார்.

அது அவர் ரத்தத்தில் ஊறியது. ஈக்வடாரில் லோஹா என்ற ஊரில் தபால்காரர் மகனாகப் பிறந்தவர். பன்னிரண்டு வயதில் குருமடத்தில் சேர்ந்தார். இருபத்து மூன்று வயதில், குருப்பட்டம் ஏற்க ஒரு மாதம் இருக்கையில், பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். ஏன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் வேறு வேறு பதில் சொன்னாராம். பிறகு உதவித்தொகையில் பெல்ஜியம் போய், லூவேன் நகரில் ஒரு விடுதியில் தட்டு கழுவிக்கொண்டே ஐந்து வருடம் ஒழுக்க இறையியல் படித்தார். திரும்பி வந்து தலைநகர் கீத்தோவில் பதினான்கு வருடம் கற்பித்தார். அங்கி போடாத ஒருவர் அந்தப் பாடத்தை அங்கே நடத்தியது அதுதான் முதல் தடவை. அந்தப் பேராசிரியர் நாற்காலி எப்படிப் போனது என்பதைச் சொல்ல வேண்டிய இடம் பின்னால் வருகிறது. நாற்காலி போன வருடம், சபைப் பள்ளிக்கூடங்கள் விஷயமாக ரோமுக்கு, போப்பாண்டவர் அலுவலகத்துக்கு, எழுத ஆள் தேடிக்கொண்டிருந்த வெளியுறவு அமைச்சர் அவரைக் கூப்பிட்டார். மூன்று மாத வேலை என்றார்கள். பதினெட்டு வருடமாயிற்று. லீமாவில் கலாசாரச் செயலர், இரண்டு துறைமுகங்களில் தூதரக அலுவலர், கடைசியில் யாரும் கேட்டு வராத லா பாஸில் தூதர். பதினொரு வீடுகள். எந்த வீட்டிலும் எல்லாப் பெட்டியையும் திறந்ததில்லை என்பது சொய்லா அக்காவின் நிரந்தரக் குறை.

அந்த மனிதருக்கு எழுதத் தெரிந்த ஒரே முறை அதுதான். எதிராளி பேசுவதாக எண்ணி அவன் வாதத்தை அவனைவிட அழகாகச் சொல்வார். அப்புறம் மறுப்பார். வகுப்பில் மாணவர்கள் கடைசிவரை உட்கார்ந்து கேட்பார்கள். அமைச்சகத்தில் யார் கேட்பார்கள்?

இன்னொன்றையும் நான் ஒளிக்கக் கூடாது. மூன்று ஆட்சேபங்களும் முடிந்த இடத்தில் பக்கமும் முடிந்தது தற்செயலில்லை. பதில் புதிய பக்கத்தில் தொடங்கினால் பார்க்க நன்றாக இருக்கும் என்று வரி இடைவெளியை நான்தான் கூட்டினேன். என் வேலையில் எனக்கு அவ்வளவு பெருமை. அந்தப் பெருமைதான் அவர்களுக்குக் கத்தரிக்கோலாகப் போயிற்று.

பியானோ அறைக் கதவு திறந்தது. போர்வையைப் போர்த்திக்கொண்டு வில்கா வந்து நின்றான். பத்திரிகையை வாங்கிப் பார்த்தான். தொண்டையைச் சரிசெய்தான்.

"வணக்கம் தோழர்களே. காலைச் செய்தி," என்றான் வானொலிக் குரலில். இளைத்துப்போன அந்த உடம்பிலிருந்து அப்படி ஒரு குரல் வந்தது. "ஈக்வடார் தூதர் டாக்டர் புர்னேயோ, தன் வீட்டில் தங்கியிருப்பவன் திருடன் என்று அறிவித்திருக்கிறார். வீட்டில் உள்ளவர்கள் கரண்டிகளை எண்ணிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்."

யாரும் சிரிக்கவில்லை. அவன் மூன்று வரியையும் படித்தான்.

"நல்லாதான் எழுதியிருக்கீங்க, தோழர் டாக்டர். படிச்சா நானே என்னைப் பிடிச்சுக் கொடுத்துடுவேன் போல."

"செவெரோ, மிச்சப் பக்கங்களை..."

"தெரியும். எனக்குப் படிச்சுக் காட்டினீங்களே." அவன் நாற்காலியைப் பிடித்தான். "எனக்குத் தெரிஞ்சு என்ன பண்றது? மலை மேல இருக்கற சனத்துக்கு இந்தப் பக்கம்தான் போகும்."

அந்த வாரம் மருத்துவர் ஒருவர் யாருக்கும் தெரியாமல் வந்து அவன் மார்பில் காது வைத்துப் பார்த்தார். முன்கூடத்தில் எங்களிடம் சொன்னார். "இந்த உயரத்துல இவர் ஜூன் மாசத்தைத் தாண்ட மாட்டார். கீழ இறக்குங்க. கடல் பக்கம் போனா வருஷக்கணக்கா இருப்பார்." அன்று மே மாதம் ஏழாம் தேதி.

டாக்டர் ஓட ஆரம்பித்தார். எட்டுப் பக்கத்தையும் வேறு பத்திரிகைகளுக்கு எடுத்துப் போனார். எந்தப் பத்திரிகையும் கைநீட்டி வாங்கவில்லை. அமைச்சகத்துக்கு மூன்று முறை போனார். முதல் முறை, தூதரகங்களைக் கவனிக்கும் மரபுத்துறை இயக்குநர் கூட்டத்தில் இருந்தார். இரண்டாம் முறை வெளியூரில் இருந்தார். மூன்றாம் முறை பத்தரை மணிக்குப் போனதால் சால்தேன்யா சாப்பிடப் போயிருந்தார். எங்கள் ஊரில் பத்தரைக்கு அந்தச் சூடான இறைச்சிப் பண்டத்துக்காக எழுந்து போகிறவரை யாரும் குறை சொல்ல மாட்டோம். டாக்டர் நடைபாதையில் ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் நடந்துவிட்டுத் திரும்பினார்.

கீத்தோவிலிருந்து தந்தி வந்தது. "முதல் பக்கம் குறித்து உடனே விளக்கம் தருக." அவர் எழுதினார். நான் தட்டச்சு செய்வதற்குள் சொய்லா அக்கா தாளைப் பிடுங்கிப் படித்தார். அவர் முகம் போன போக்கை என்ன சொல்ல.

"அப்தோன். உன்னை ஏன் வேலையை விட்டுத் தூக்கணும்னு மூணு காரணம் எழுதியிருக்கே."

"அது அவங்க தரப்பு. அடுத்த பத்தியில..."

"ஹஸிந்தா, அடுத்த பத்தியை மட்டும் அடி. மேல இருக்கறதை நான் அடுப்புல போடறேன்."

அவர் தடுக்கவில்லை. ஜன்னலுக்கும் கதவுக்கும் நடுவே நடந்துகொண்டிருந்தார். நடக்கும்போது உதடு அசையும். செபமா, வாதமா, என்னால் சொல்ல முடிந்ததில்லை.

மே இருபதாம் தேதி மரபுத்துறை இயக்குநரே வந்தார். ஆர்மாந்தோ உர்கிதி. மெலிந்த உயரமான மனிதர், சாம்பல் நிறக் கையுறை, கையில் சால்தேன்யா பெட்டி. எங்கள் வரவேற்பறையில் உட்கார்ந்து ஒரு சொட்டுக் குழம்பு சிந்தாமல் இரண்டு சாப்பிட்டார். டாக்டர் ஒன்றைக் கடித்தார். அது அவர் கழுத்துப்பட்டையில் வடிந்தது.

"ஊசி குத்தற மாதிரி ஓரத்துல ஒரு சின்னக் கடி, டாக்டர். முதல்ல சாறு," என்று உர்கிதி அன்பாகச் சொன்னார். "வந்து ஒண்ணரை வருஷம் ஆச்சு. இன்னும் பழகலையா?"

"சொல்ல வந்ததைச் சொல்லுங்க."

"சொல்றேன். உங்க ஆள் இங்கயே செத்துட்டா எங்களுக்கும் அசிங்கம். ஜெனரலுக்கு அது பிடிக்கல. அதே சமயம், 'அரசு பொய் வழக்குப் போட்டுச்சு'ன்னு நீங்க எழுதினதை ஏத்துக்கிட்டு வழி விடவும் முடியாது. இப்படிச் செய்யலாம். ரெண்டாம் பக்கத்துலேருந்து எட்டாம் பக்கம் வரைக்கும் நீங்க வாபஸ் வாங்கிக்கறதா ஒரு வரி. அன்னிக்குச் சாயங்காலமே கடிதம் ரெடி."

"அப்போ முதல் பக்கம் மட்டும் நிக்கும்."

"நிக்கும்."

"அவர் திருடன்னு ஆகும்."

"உசுரோட இருக்கற திருடன். குவாயாகில்ல, கடல் காத்துல." உர்கிதி விரல்களைத் துடைத்தார். "ஒரு கையெழுத்து, டாக்டர். எத்தனையோ போட்டிருப்பீங்க."

எத்தனையோ போட்டிருப்பார். போடாத கையெழுத்து ஒன்று உண்டு. அதைச் சொல்ல வேண்டிய இடம் இதுதான்.

கீத்தோவில் கற்பித்த நாளில் அவர் ஒரு புத்தகம் எழுதினார். பசித்தவன் பிறர் களஞ்சியத்திலிருந்து எடுத்தால் அது பாவமா என்பதைப் பற்றி. பழைய ஆசிரியர்கள் எல்லோரும் சொன்னதைத்தான் அவரும் சொன்னார். எந்த ஊர்க் களஞ்சியம் என்று அவர்கள் பெயர் சொல்லவில்லை, அவர் சொன்னார். அந்த ஊர்ப் பண்ணையார்கள் கத்தோலிக்க ஆயரிடம் போனார்கள். ஆயர் ஒரு குழு அமைத்தார். நீளமான மேசை, மூன்று பேர், எல்லோரும் கனிவானவர்கள். நான்கு வாக்கியங்களை மட்டும் வாபஸ் வாங்குங்கள், மற்றதெல்லாம் அருமை என்று சொல்லிப் பேனாவைத் திறந்தே கொடுத்தார்கள். இருபது நாள் அவகாசம் கேட்டார். இருபது நாளும் கீத்தோ தெருக்களில் நடந்தார். இருபத்தோராம் நாள் மூடிய பேனாவைத் திருப்பிக் கொடுத்தார். நாற்காலி போயிற்று. லோஹாவில் அவரைக் கண்டால் தெரிந்தவர்கள் தெருவின் எதிர்ப்பக்கம் மாறி நடந்தார்கள். அந்த வருடம் இறந்த தாயின் சவ ஊர்வலத்தில் பின்னால் வந்தவர்கள் ஒன்பது பேர். இதை எனக்குச் சொன்னபோது சொய்லா அக்கா விரல்விட்டு ஒன்பது பெயரையும் சொன்னார்.

உர்கிதி போனதும் அக்கா கேட்டார். "அன்னிக்கு நாலு வரிக்கு மாட்டேன்னே. இன்னிக்கு ஏழு பக்கம். என்ன பண்ணப் போறே?"

"அன்னிக்கு அது என்னோடது, அக்கா. என் இஷ்டம். இது செவெரோவோட பேரு. நான் அள்ளிக் கொடுக்க முடியாது. அவரைத்தான் கேக்கணும்."

கேட்டார். நானும் தேநீர்க் கோப்பையோடு அந்த அறையில் இருந்தேன். வில்கா தலையணையில் சாய்ந்து எல்லாவற்றையும் கேட்டான்.

"மாட்டேன்," என்றான்.

"செவெரோ, மருத்துவர் சொன்னது..."

"எனக்கும் காது இருக்கு. முன்கூடத்துல பேசினா இங்க கேக்கும்." மூச்சு வாங்கினான். "தோழர், என்கிட்ட என்ன இருக்கு? வீடு இல்ல. நுரையீரல் இல்ல. எட்டு வருஷம் காலைல அஞ்சு மணிக்கு அந்தச் சனம் என் குரலை நம்பி எந்திரிச்சுது. எந்தச் சுரங்கம் இடிஞ்சுது, எந்த வண்டியில சவம் வருது, எல்லாம் நான்தான் சொன்னேன். நான் சொன்னா உண்மைன்னு அர்த்தம். அந்தக் கருவியை நான் வித்துத் தின்னேன்னு அவங்க நம்பிட்டா, அந்த எட்டு வருஷமும் பொய். அப்புறம் கடல் காத்துல உக்காந்து நான் என்ன பண்ண?"

"உயிரோட இருக்கலாம்."

"நீங்க நாலு வரிக்கு வேலையை விட்டீங்களாமே. அக்கா சொன்னாங்க. உங்களுக்கு ஒரு நியாயம், சுரங்கக்காரனுக்கு ஒரு நியாயமா?"

எதிராளியின் வாதத்தை அவனைவிட நன்றாகச் சொல்லத் தெரிந்த மனிதர் கட்டில் ஓரத்தில் முழங்காலிட்டு அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "நான் எழுதின பக்கத்தால சாகாதீங்க," என்றார். வில்கா கையை இழுத்துக்கொள்ளவில்லை. சம்மதிக்கவும் இல்லை. நான் கோப்பையைப் பியானோவின் மேல் வைத்துவிட்டு வெளியே வந்து அழுதேன்.

மறுநாள் முழுக்க அவர் நடந்தார். அதற்கடுத்த நாளும். சாப்பாட்டு மேசையில் நின்றுகொண்டே ரொட்டியைப் பிய்த்தார். அலுவலக அறைக்கு வருவார், போய்விடுவார். நான் ஒரு முறை துணிந்து சொன்னேன்.

"டாக்டர், பக்கத்தை அப்படி வெட்டினது நான். என் தப்புன்னு எழுதித் தரேன். தட்டச்சுக்காரி தப்புன்னா யாருக்கும் நஷ்டமில்ல."

அவர் நின்றார். அந்த இரண்டு நாளில் முதல் முறையாகச் சிரித்தார். "உங்க தட்டச்சுல ஒரு பிழைகூட இல்ல, ஹஸிந்தா. அதை அவங்க எப்படி நம்புவாங்க?"

சிரிப்பு அடங்குவதற்குள் சட்டென்று முகம் மாறியது. "யாரோட தப்புன்னு சொன்னா நம்புவாங்க?" என்று தனக்குள் கேட்டுக்கொண்டார். பிறகு கதவைச் சாத்திவிட்டு, "ஒரு தாள் போடுங்க," என்றார். "ஒரே பக்கம். கையெழுத்தும் அதுலயே வரணும்."

அவர் சொல்லச் சொல்ல அடித்தேன்.

"செவெரோ வில்கா திருடர் என்று என் கடிதத்தின் முதல் பக்கத்தில் நான் எழுதியது அவதூறு. அது பொய் என்று தெரிந்தே எழுதினேன். அவரை என் வீட்டில் வைத்திருக்க நேர்ந்த எரிச்சலில் எழுதினேன். அமைச்சகம் என் சொல்லை நம்பி ஏமாந்தது. அதில் அமைச்சகத்தின் தவறு எதுவும் இல்லை. வில்கா குற்றமற்றவர். அவரிடமும் இந்த நாட்டு அரசிடமும் மன்னிப்புக் கேட்கிறேன்."

நடுவிலேயே என் கை நின்றுவிட்டது. "இது உண்மையில்லையே, டாக்டர்."

"அடிங்க."

சொய்லா அக்கா கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்திருந்தார். பொறியின் மேல் குனிந்து படித்தார். நிமிர்ந்தபோது அவருக்கு வயது கூடியிருந்தது போல இருந்தது.

"கொலைகாரன் வாசல்ல நின்னு, ஒளிஞ்சிருக்கறவன் உள்ள இருக்கானான்னு கேட்டாலும் பொய் சொல்லக் கூடாதுன்னு பதினாலு வருஷம் பாடம் எடுத்தியேடா."

"எடுத்தேன்."

"இப்ப?"

"இப்பவும் அதுதான் சரின்னு நினைக்கறேன்."

"அப்ப ஏன்?"

"அவன் பக்கத்து ரூம்ல இருக்கான், அக்கா."

அவருக்கு வழியா இல்லை? இது பொய்யே அல்ல என்று காட்ட ஏழு விதமான வாதம் அவருக்குத் தெரிந்திருக்கும். ஒன்றைக்கூட எடுக்கவில்லை. "பாவம்தான்," என்று மட்டும் சொல்லிவிட்டுப் பேனாவைத் திறந்தார். கையெழுத்து ஒரே வீச்சில் விழுந்தது.

உர்கிதி தாளை இரண்டு முறை படித்தார். கையுறையைக் கழற்றி மறுபடி படித்தார்.

"நான் கேட்டது இது இல்லயே."

"உங்க ஜெனரலுக்கு இது போதாதா?"

"போதும். ஒரு தூதர் மன்னிப்புக் கேக்கறது அவருக்கு விருந்து." தாளை மடித்தார். "ஆனா இதோட உங்க கதை முடிஞ்சுது. தெரியும்தானே?"

"தெரியும்."

"நானும் பாதிரியார்கள்கிட்டத்தான் படிச்சேன், டாக்டர்," என்றார் உர்கிதி. தாளை உள்பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார்.

பத்திரிகை அதை முழுதாகப் போட்டது. ஒரே பக்கம் என்பதால் வெட்ட இடமில்லை. அவதூறு செய்த தூதர், பெருந்தன்மை காட்டும் அரசு என்று தலைப்பு. மூன்று மணி நேரத்தில் கீத்தோவிலிருந்து தந்தி. இந்த நிமிடத்திலிருந்து அவர் தூதர் இல்லை. வில்காவை விமானத்தில் ஏற்றும் பொறுப்பு பெரு நாட்டுத் தூதரகச் செயலருக்கு.

அதற்குப் பின் நடந்ததை சொய்லா அக்காவின் கடிதங்களில் தெரிந்துகொண்டேன். அவதூறு எழுதினேன் என்று தானே கையெழுத்திட்டவருக்கு ஒழுக்கம் கற்பிக்க எந்தக் கல்லூரி இடம் கொடுக்கும்? லோஹாவில் ஒரு அச்சகத்தில் பிழை திருத்தினார். நின்றுகொண்டே திருத்துவாராம். அதற்குப் பின் பன்னிரண்டு வருடம் உயிரோடு இருந்தார். வில்கா குவாயாகிலில் ஒன்பது வருடம் இருந்தான். இன்று அக்காவும் இல்லை. அதனால்தான் இதை எழுத எனக்குத் துணிவு வந்தது.

அந்தப் பத்திரிகையை அன்று வில்கா வாய்விட்டுப் படிக்கவில்லை. மடித்து மடியில் வைத்திருந்தான். டாக்டர் உள்ளே போனதும் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"என்னைக் கேக்காமலே என்னைக் காப்பாத்திட்டீங்க."

"உங்க பேரை நான் தொடல, செவெரோ."

"உங்க பேரைத் தொட்டுட்டீங்களே. அங்க போய் யாராவது 'உன்னை யாருய்யா காப்பாத்தினது'ன்னு கேட்டா, யார் பேரைச் சொல்லுவேன்? இந்தக் கேவலமான மனுஷன் பேரையா?" சொல்லும்போதே கண்ணில் நீர் வந்துவிட்டது. புறங்கையால் துடைத்துக்கொண்டான். "உண்மை என்னன்னு அங்க ரேடியோவுல சொல்லுவேன்."

"கூடாது. உங்க சங்கத்து ஆளுங்க ரெண்டு பேர் இன்னும் வேற தூதரகங்கள்ல இருக்காங்க. நீங்க சொன்னா அவங்களுக்குக் கதவு மூடிடும்."

வில்கா யோசித்தான். "அப்போ எப்பத்தான் சொல்றது?"

"தெரியல," என்றார் டாக்டர்.

வியாழக்கிழமை காலை கார் வந்தது. பெரு நாட்டுச் செயலர் வண்டியிலேயே இருந்தார். வழிவிடு கடிதத்தோடு உர்கிதி வாசலில் நின்றார். சொய்லா அக்கா வில்காவின் கழுத்தில் தன் கம்பளிச் சால்வையைச் சுற்றி, சோளமாவுப் பொட்டலம் ஒன்றைக் கையில் திணித்தார். "கீழ போனதும் அவிழ்த்துடு. அங்க வெக்கை," என்றார்.

யார் தோளையும் பிடிக்காமல் வில்கா முன்கூடத்தைக் கடந்தான். கதவருகே டாக்டர் நின்றிருந்தார். பதவி இல்லாத மனிதர், விமானநிலையம் வரைகூட உடன் போக முடியாதவர். இருவரும் கட்டிக்கொண்டார்கள். யார் யாரைத் தாங்கினார்கள் என்று தெரியாமல் நின்றார்கள்.

"போய்ட்டு லெட்டர் போடறேன், தோழர்."

"சின்னதா போடுங்க. ஒரே பக்கம்."

வில்கா சிரித்தான். உர்கிதி தொப்பியைக் கழற்றி டாக்டரைப் பார்த்து லேசாகத் தலைகுனிந்தார், ஒரு தூதருக்குச் செய்வது போலவே. பிறகு முழங்கையைப் பிடித்து வில்காவைப் படியிறக்கினார். வண்டிக் கதவு அடித்தது. சரிவான தெருவில் கார் மெல்ல ஏறி, மூலை திரும்பும்வரை டாக்டர் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பிய பிறகும் வாசற்படியிலேயே நின்றார். உள்ளே வரலாமா, தெருவில் இறங்கி நடக்கலாமா என்று அவர் கால்களுக்கே தெரியவில்லை.

"காத்து உள்ள வருது, அப்தோன்," என்றார் சொய்லா அக்கா.

அவர் அசையவில்லை. அக்கா அவர் சட்டைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார்.